பாலைவனம் பூக்கும் நேரம்

அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத்தில், மெக்சிகோ எல்லையிலிருந்து சற்றுத் தொலைவில், சிங்கப்பூரைப் போல் மூன்று மடங்குக்கும் பெரிய பூங்கா ஒன்று இருக்கிறது. பூங்கா என்றதும் புல்வெளியும் நிழல் மரங்களும் ஊஞ்சலும் நம் மனத்தில் வரும். இங்கே அவை கிடையாது. வறண்ட மலைகள், நீரில்லாத மணல் ஓடைகள், முள்ளும் கள்ளியும், கண்ணுக்கெட்டும் தூரம்வரை வெட்டவெளி. இவைதான் ‘அன்சா-பொரேகோ பாலைவனப் பூங்கா’. கலிஃபோர்னிய மாநிலப் பூங்காக்களில் இதுவே ஆகப் பெரியது. 1930-களின் தொடக்கத்தில் உருவாக்கப்பட்டது.

பெயரின் முதல் பாதி, 1775-76-இல் சுமார் 240 குடியேறிகளை இவ்வழியே அழைத்துச் சென்ற ஸ்பானியத் தளபதி ஹுவான் பாட்டிஸ்டா டி அன்சாவைக் குறிக்கும். ‘பொரேகோ’ என்றால் ஸ்பானிய மொழியில் ஆடு. இங்குள்ள பாறைச் சரிவுகளில் வாழும் பெருங்கொம்பு ஆடுகளே அந்தப் பெயருக்குக் காரணம்.

இந்தப் பூங்காவின் நடுவே, நான்கு பக்கமும் பூங்கா நிலமே சூழ, பொரேகோ ஸ்பிரிங்ஸ் என்னும் சிற்றூர் இருக்கிறது. மக்கள்தொகை மூவாயிரத்துச் சொச்சம். நம் ஊர் அடுக்குமாடி வீடுகளில் சில புளோக்குகளை நிரப்பும் எண்ணிக்கைதான். ஊரில் போக்குவரத்து விளக்கு ஒன்றுகூட இல்லை. நடுவில் ஒரு வட்டச் சாலை, அவ்வளவே. கோடையில் வெயில் 40 டிகிரி செல்சியசைத் தாண்டிச் சுடும். கடைகள் பல மூடப்படும். இளவேனில் வந்தால் ஊரே மாறிவிடுகிறது.

மழைக்குக் காத்திருக்கும் விதை

சிங்கப்பூரில் ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கும் மேல் மழை பெய்கிறது. பொரேகோ பள்ளத்தாக்கில் பெய்வதோ 150 மில்லிமீட்டர் அளவில்தான். சில ஆண்டுகளில் அதுவும் இல்லை. ஆனாலும் மணலுக்குள் விதைகள் கிடக்கின்றன. அவற்றின் மேல்தோலில் முளைப்பதைத் தடுக்கும் வேதிப்பொருள்கள் உள்ளன. ஒரு தூறலுக்கு அவை கரையாது. நன்றாக நனையும் அளவுக்கு மழை பெய்தால்தான் அவை கழுவப்பட்டு விதை முளைக்கும். ஏமாற்றும் மழையை நம்பி முளைத்துக் கருகிப் போகாமலிருக்க இயற்கை செய்திருக்கும் ஏற்பாடு இது.

மழை மட்டும் போதாது. இலையுதிர்காலத்திலும் குளிர்காலத்திலும் இடைவெளி விட்டுப் பெய்ய வேண்டும். கடுங்குளிரோ திடீர் வெப்பமோ கூடாது. காய்ச்சும் காற்று வீசக் கூடாது. எல்லாம் ஒன்றுகூடி வரும் ஆண்டுகளில் பிப்ரவரி இறுதியிலிருந்து மார்ச் வரை பள்ளத்தாக்கு முழுவதும் பூக்கும். இளஞ்சிவப்பும் ஊதாவும் கலந்த மணல் வெர்பினா தரையோடு படரும். அதன் ஊடே வெள்ளை நிறத்தில் பிரிம்ரோஸ். சற்று உயரத்தில் மஞ்சள் நிறப் பாலைவனச் சூரியகாந்தி. இதைத்தான் ‘சூப்பர் புளூம்’ என்கிறார்கள். 2005, 2017, 2019 ஆகியவை அப்படிப்பட்ட ஆண்டுகள்.

சங்க இலக்கியம் ஐவகை நிலங்களில் பாலையைப் பிரிவுக்குரிய நிலமாக வைத்தது. அந்த நிலத்துக்கும் கொண்டாட்டக் காலம் உண்டு என்பதைப் பொரேகோவின் மார்ச் மாதம் காட்டுகிறது. ஆனால் அந்தக் கொண்டாட்டம் தானாக நடந்துவிடவில்லை. அதற்குப் பின்னால் ஊர்மக்களின் உழைப்பும், தீராத ஒரு கவலையும் இருக்கின்றன.

தபால் அட்டையிலிருந்து கைப்பேசிவரை

பூ எப்போது பூக்கும் என்று யாருக்கும் முன்கூட்டித் தெரியாது. அதனால் பூங்கா நிர்வாகம் ஓர் எளிய முறையை வைத்திருந்தது. பூப் பார்க்க விரும்புவோர் தங்கள் முகவரி எழுதி, தபால்தலை ஒட்டிய அட்டை ஒன்றைப் பூங்காவுக்கு அனுப்பி வைப்பார்கள். மலர்ச்சி உச்சத்தை எட்டச் சுமார் இரண்டு வாரம் இருக்கும்போது அந்த அட்டைகள் வீடு தேடித் திரும்பி வரும். அட்டை வந்தால் புறப்பட வேண்டியதுதான்.

கைப்பேசிக் காலத்தில் கதை வேறாகிவிட்டது. நீண்ட வறட்சிக்குப் பிறகு 2017 மார்ச்சில் பாலைவனம் பூத்தது. படங்கள் சமூக ஊடகங்களில் பரவின. சான் டியேகோ, லாஸ் ஏஞ்சலிஸ் நகரங்களிலிருந்து கார்கள் வரிசை கட்டின. மலையிலிருந்து ஊருக்குள் இறங்கும் சாலையில் மணிக்கணக்கில் நெரிசல். உணவகங்களில் சாப்பாடு தீர்ந்துபோனது. பணம் எடுக்கும் இயந்திரங்கள் காலியாயின. கழிவறைகள் போதாமல் போயின. மூவாயிரம் பேருக்கான ஊரில் பல்லாயிரம் பேர் இறங்கினால் வேறென்ன ஆகும்?

அதைவிட மோசமானது, படமெடுப்பதற்காகப் பூக்களுக்கு நடுவே நடந்தவர்களால் ஏற்பட்ட சேதம். ஒருவர் நடந்த தடத்தில் அடுத்தவர் நடப்பார். மாலைக்குள் அது பாதையாகிவிடும். மிதிபட்ட செடி விதை தராது. விதை தராத இடத்தில் அடுத்த நல்ல மழை ஆண்டிலும் பூ இருக்காது. அதாவது, இன்று எடுக்கும் ஒரு படம் பல ஆண்டுகள் கழித்து வரும் இன்னொரு குடும்பத்தின் பூக்களைப் பறித்துவிடக்கூடும்.

பொரேகோ ஊர்மக்கள் இதை எப்படி எதிர்கொண்டார்கள் என்பதுதான் கவனிக்க வேண்டியது. வருவோரைத் திட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கவில்லை, கதவையும் சாத்தவில்லை. ஊரின் கடைகளும் விடுதிகளும் இந்தச் சில வார வருமானத்தை நம்பியே கோடையைக் கடத்துகின்றன என்பது அவர்களுக்குத் தெரியும். 2019-இல் மீண்டும் பூக்கும் என்ற அறிகுறி தெரிந்ததும் கூடிப் பேசித் தயாரானார்கள். தற்காலிகக் கழிவறைகள் வைக்கப்பட்டன. எங்கே நிறுத்துவது, எங்கே நடப்பது என்று வழிசொல்ல ஆட்கள் நின்றார்கள். வரைபடங்கள் கொடுக்கப்பட்டன. கூட்டம் குறையவில்லை. ஆனால் இந்த முறை ஊர் திகைத்துப் போய் நிற்கவில்லை.

எல்லா ஊர்களும் அப்படிச் சமாளித்துவிடவில்லை. அதே மாநிலத்தில் லேக் எல்சினோர் நகரையொட்டிய மலைச்சரிவுகளில் 2019-இல் ஆரஞ்சு நிறப் பாப்பி மலர்கள் பூத்தபோது கூட்டம் கட்டுக்கடங்காமல் போனது. 2023-இல் பூக்கள் மீண்டும் வந்தபோது, நகர நிர்வாகம் அந்தப் பள்ளத்தாக்கை வருகையாளர்களுக்கு முழுமையாக மூடிவிட்டது.

கடுகு பிடுங்கும் கோத்தோங் ரோயோங்

கடுகு நம் சமையலறையில் தாளிப்பின் முதல் ஓசை. பொரேகோவில் அதன் உறவுச் செடி ஒன்று ஊரின் எதிரி. சஹாரா கடுகு எனப்படும் அந்தச் செடியின் தாயகம் வட ஆப்பிரிக்காவும் மத்திய கிழக்கும். கடந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் பேரீச்சங்கன்றுகளோடு கலிஃபோர்னியாவுக்கு வந்திருக்கலாம் எனக் கருதப்படுகிறது.

முதல் மழைக்கே அது முளைத்துவிடும். மற்றச் செடிகள் தலைதூக்குமுன் வளர்ந்து, இலைகளைப் பரப்பி, ஈரத்தையும் வெளிச்சத்தையும் எடுத்துக்கொள்ளும். ஒரு செடியே ஆயிரக்கணக்கான விதைகளை உதிர்க்கும். காய்ந்த பிறகு தீப்பற்றுவதற்கு ஏற்ற சருகாக நிற்கும். சஹாரா கடுகு அடர்ந்த இடத்தில் வெர்பினாவும் பிரிம்ரோசும் மெல்ல மெல்ல மறைந்துபோகின்றன.

இதற்கு மந்திர மருந்து எதுவும் இல்லை. விதை முற்றுமுன் கையால் பிடுங்க வேண்டும். குளிர்காலத்தின் இறுதியில் தொண்டூழியர்கள் கையுறையும் சாக்குமாக வயலில் இறங்குகிறார்கள். ஓய்வுபெற்றவர்கள் அவர்களில் அதிகம். மண்ணில் கிடக்கும் விதைகள் சில ஆண்டுகள் உயிரோடிருக்கும் என்பதால், ஒரே இடத்துக்குத் திரும்பத் திரும்ப வர வேண்டும். நம் குடியிருப்புகளிலும் பள்ளிகளிலும் பழகிய கோத்தோங் ரோயோங்கை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு நாள் கூடிச் செய்து படமெடுத்துக்கொண்டு போகிற வேலையாக இல்லாமல், ஆண்டுதோறும் தொடர்கிற வேலையாக இது நடக்கிறது. மார்ச்சில் வருகையாளர் வியந்து நிற்கும் வண்ண வயல்களில் பல, ஜனவரியில் யாரோ முதுகு வலிக்கக் களை பிடுங்கிய வயல்கள்.

பருந்து எண்ணும் காலை

பூக்கள் வந்தால் புழுக்கள் வரும். ஓர் அந்துப்பூச்சி வகையின் புழுக்கள், விரல் நீளத்துக்கு வளர்ந்தவை, ஆயிரக்கணக்கில் மணலில் ஊர்ந்து செடிகளைத் தின்னும். படமெடுக்க வந்தவர்களுக்கு அது எரிச்சலாக இருக்கலாம். வானத்தில் வந்துகொண்டிருக்கும் ஒரு விருந்தாளிக்கோ அதுதான் பசியாற்றும் உணவு.

ஸ்வெய்ன்சன் பருந்து, குளிர்காலத்தை அர்ஜென்டினாவில் கழித்துவிட்டு, கூடு கட்ட வட அமெரிக்காவுக்குத் திரும்பும் பறவை. ஒரு வழிப் பயணமே பத்தாயிரம் கிலோமீட்டரை நெருங்கும். வழியில் பொரேகோ பள்ளத்தாக்கில் இறங்கி, அந்தப் புழுக்களைத் தின்று, இரவு மரங்களில் தங்கி, காலையில் வெயில் ஏறித் தரைக்காற்று சூடானதும் அதன்மேல் வட்டமிட்டு உயர்ந்து போய்விடும்.

பிப்ரவரி நடுவிலிருந்து ஏப்ரல்வரை, இந்தப் பருந்துகளை எண்ணுவதற்கென்றே ஒரு தொண்டூழியர் குழு காலையிலும் மாலையிலும் கூடுகிறது. 2003 முதல் இந்தக் கணக்கெடுப்பு நடந்துவருகிறது. சில நாள்களில் நாலைந்து பருந்துகள்தான். சில நாள்களில் நூற்றுக்கணக்கில் சுழன்றெழும். யார் வேண்டுமானாலும் போய் நிற்கலாம். தொலைநோக்கியைக் கொடுத்துப் பார்க்கச் சொல்வார்கள்.

இப்படி எண்ணுவதால் என்ன பயன் என்று கேட்கலாம். 1995-96-இல் அர்ஜென்டினாவின் விளைநிலங்களில் வெட்டுக்கிளிகளைக் கொல்ல மோனோகுரோட்டோபாஸ் என்ற பூச்சிக்கொல்லி தெளிக்கப்பட்டது. அந்த வெட்டுக்கிளிகளைத் தின்ற ஸ்வெய்ன்சன் பருந்துகள் ஆயிரக்கணக்கில் மடிந்தன. பின்னர் அந்த மருந்துக்குக் கட்டுப்பாடுகள் வந்தன. ஒரு கண்டத்தில் நடக்கும் தவறு இன்னொரு கண்டத்து வானத்தில் தெரியும். அதைக் கவனிக்க யாராவது ஆண்டுதோறும் எண்ணிக்கொண்டிருக்க வேண்டும்.

பொய்ப் போட்டியும் இரும்பு யானையும்

வசந்தத்தில் ஊர்க்காரர்கள் வேலை மட்டும் செய்துகொண்டிருப்பதில்லை. ஏப்ரல் தொடக்கத்தில், முட்டாள்கள் தினத்தை ஒட்டி, ஊருக்கு வெளியே ஒரு கற்குவியலருகே பொய் சொல்லும் போட்டி நடக்கும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ‘பெக்லெக்’ ஸ்மித் என்ற மரக்கால் மனிதர் இந்தப் பாலைவனத்தில் தங்கக் கட்டிகளைக் கண்டதாகவும், பிறகு அந்த இடத்துக்கு வழி மறந்துவிட்டதாகவும் சொல்லித் திரிந்தாராம். தங்கம் தேடி வருகிறவர்கள் அந்தக் குவியலில் பத்துக் கல் சேர்த்துவிட்டுப் போக வேண்டும் என்பது வழக்கம். அவர் நினைவாக, யார் சுவையாகப் பொய் சொல்கிறார் என்று போட்டி. நாற்காலியைக் கொண்டுவந்து போட்டு, மாலை வெயில் தாழும் நேரத்தில் ஊரே சிரித்துக் கலையும்.

சாலையோரங்களில் இன்னொரு வியப்பு. டென்னிஸ் ஏவரி என்ற நில உரிமையாளர், ரிக்கார்டோ பிரிசேடா என்ற சிற்பியைக் கொண்டு, தம் வெட்டவெளி நிலத்தில் 130-க்கும் மேற்பட்ட இரும்புச் சிற்பங்களை நிறுத்தினார். இந்த மண்ணில் புதைபடிவங்களாகக் கிடைத்த பண்டைய யானை இனங்கள், ஒட்டகங்கள், வாள்பல் பூனைகள் உண்மை அளவில் நிற்கின்றன. தோட்டத் தொழிலாளர்களின் உருவங்களும் உண்டு. சுமார் 100 மீட்டர் நீளமுள்ள நாகம் ஒன்று சாலைக்கு அடியில் புகுந்து மறுபக்கம் எழுவதுபோல் அமைந்திருக்கிறது. வேலி இல்லை, நுழைவுக் கட்டணம் இல்லை. ஏவரி 2012-இல் மறைந்தார். பிள்ளைகள் இன்றும் அந்த யானைகளின் காலடியில் ஓடி விளையாடுகிறார்கள்.

இரவில் பார்க்க வேண்டியது வானம். 2009-இல் பொரேகோ ஸ்பிரிங்ஸ், அனைத்துலக இருள்வானச் சமூகமாக அறிவிக்கப்பட்டது. உலகில் அந்தத் தகுதியைப் பெற்ற இரண்டாவது ஊர் இது. தெருவிளக்கு, கடை விளக்கு, வீட்டு வாசல் விளக்கு எல்லாவற்றையும் மேலே வெளிச்சம் சிந்தாதபடி மறைத்து வைப்பது ஊர்மக்களின் பொறுப்பு. நகரங்களில் வளரும் நம் பிள்ளைகளில் பலர் பால்வீதியைப் படத்தில்தான் பார்த்திருப்பார்கள். இங்கே நிலவில்லாத இரவில் அது தலைக்குமேல் நீண்டு கிடக்கும்.

கண்ணுக்குத் தெரியாத நீர்

இத்தனை மகிழ்ச்சிக்கும் அடியில் ஊரின் பெரிய கவலை இருக்கிறது. அது நிலத்தடி நீர். பொரேகோ ஸ்பிரிங்சுக்கு வேறு நீராதாரம் இல்லை. குழாய் வழியாக வெளியிலிருந்து நீர் வருவதில்லை. பல பத்தாண்டுகளாக ஆரஞ்சு, எலுமிச்சை, கிரேப்ஃபுரூட் தோட்டங்களும் கோல்ஃப் திடல்களும் வீடுகளும் சேர்ந்து, மழையால் ஊறுவதைவிட மிக அதிகமாக நீரை எடுத்துவிட்டன. ஆகப் பெரும்பங்கு விவசாயத்துக்கே போனது. நீர்மட்டம் ஆண்டுக்காண்டு இறங்கியது.

2014-இல் கலிஃபோர்னியா நிலத்தடி நீர்ச் சட்டம் கொண்டுவந்தது. அபாய நிலையில் உள்ள படுகைகளில் ஒன்றாகப் பொரேகோ பட்டியலிடப்பட்டது. நீர் எடுப்போர் தங்களுக்குள் செய்துகொண்ட உடன்பாட்டை 2021-இல் நீதிமன்றம் ஏற்றது. அதன்படி ஒவ்வொருவரும் படிப்படியாகக் குறைத்துக்கொண்டு, 2040-க்குள் நிலத்தில் ஊறும் அளவுக்குமேல் எடுக்காத நிலையை எட்ட வேண்டும்.

காகிதத்தில் இது கணக்கு. ஊரில் இது வாழ்வு. தண்ணீர் குறைந்தால் தோட்டங்கள் சுருங்கும். அங்கே வேலை செய்யும் குடும்பங்களில் பெரும்பாலோர் மெக்சிக வம்சாவளியினர். தோட்டம் மூடப்பட்டால் தோட்டத்து மக்களுக்கு என்ன நேரும் என்பதை மலேசியத் தமிழர்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. வேலை போகும், பின்னாலேயே பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் குறைவார்கள், கடைகள் குறையும். நீரைக் காக்காவிட்டால் ஊர் இல்லை. நீரைக் காக்கும்போது ஊரில் யார் தங்குவார், யார் போவார் என்பது இன்னும் முடிவாகாத கேள்வி.

ஓராண்டுப் பூக்கள் மழையை மட்டும் நம்புபவை. ஆனால் பள்ளத்தாக்கின் மெஸ்கிட் மரங்கள் ஆழத்து நீரை வேரால் தேடிக் குடிப்பவை. தமிழ்நாட்டில் சீமைக் கருவேலம் எனப்படும் மரத்தின் உறவு அது. அவற்றின் நிழலில் பறவைகளும் முயல்களும் வாழ்கின்றன. நீர்மட்டம் கீழே போகப் போக, பூங்காவின் இந்தப் பகுதியும் ஊரோடு சேர்ந்தே தாகப்படும்.

அதனால்தான் அடுத்த தலைமுறையை மண்ணோடு பழக்குவதில் ஊர் அக்கறை காட்டுகிறது. பூங்காவுக்குத் துணைநிற்கும் அன்சா-பொரேகோ அறக்கட்டளை, ஐந்தாம் வகுப்பு மாணவர்களை இரவு தங்கும் முகாம்களுக்கு அழைத்து வருகிறது. பாறையில் குழிந்திருக்கும் பழங்கால உரல்களைப் பிள்ளைகள் தொட்டுப் பார்க்கும்போது, குமியாய், கவீயா பழங்குடிகள் இதே நிலத்தில் விதை இடித்துச் சமைத்து நெடுங்காலம் வாழ்ந்தார்கள் என்பது பாடப் புத்தகம் இல்லாமலே விளங்குகிறது.

குடும்பத்தோடு போக நினைப்பவர்களுக்கு

சிங்கப்பூரின் மார்ச் பள்ளி விடுமுறை, பூக்காலத்தோடு பெரும்பாலும் ஒத்துவரும். சான் டியேகோவிலிருந்து காரில் இரண்டு மணி நேரம். பொதுப் போக்குவரத்தை நம்ப முடியாது. வார நாள்களில் போனால் நெரிசல் குறைவு.

முதலில் வருகையாளர் நிலையத்துக்குச் செல்லுங்கள். கூரைமேல் மண்ணைப் போட்டுச் செடி வளர்த்திருப்பதால் அருகில் போகும்வரை கட்டடமே தெரியாது. எந்தப் பகுதியில் பூ இருக்கிறது என்பதை அங்கே கேட்டு அறியலாம். பிள்ளைகளோடு நடக்க, பனைப் பள்ளத்தாக்குப் பாதை நல்லது. போய்வர ஐந்து கிலோமீட்டர் அளவில் இருக்கும். முடிவில் அந்த மண்ணுக்கே உரிய விசிறிப் பனைகள் நிற்கின்றன. மேலே சரிவுகளைக் கவனித்தால், அதிர்ஷ்டமிருந்தால் பெருங்கொம்பு ஆடுகள் குட்டிகளோடு தெரியும். 1998-இலிருந்து அமெரிக்காவின் அழியும் நிலை உயிரினப் பட்டியலில் உள்ளவை அவை. நெருங்க முயலாதீர்கள்.

ஒருவருக்கு ஒரு நாளைக்குச் சுமார் நான்கு லிட்டர் தண்ணீர் எடுத்துச் செல்லுங்கள். மூடிய காலணி, தொப்பி கட்டாயம். பையில் ஒரு சீப்பு இருக்கட்டும். ‘துள்ளும் கள்ளி’ என்று அங்கே பெயர்பெற்ற ஒரு கள்ளியின் துண்டு உடையிலோ தோலிலோ ஒட்டிக்கொண்டால், கையால் தொடாமல் சீப்பால் தட்டிவிடலாம். பல இடங்களில் கைப்பேசித் தொடர்பு கிடைக்காது. வரைபடத்தைத் தாளில் வைத்துக்கொள்ளுங்கள். பூவைப் பறிப்பது சட்டப்படி குற்றம். பூவுக்கு நடுவே உட்கார்ந்து படமெடுக்காமல், பாதையில் குனிந்து எடுத்தாலே படம் நன்றாக வரும். சாப்பாட்டையும் பொருளையும் ஊர்க்கடைகளில் வாங்குங்கள். நீங்கள் செலவிடும் வெள்ளி, கோடையில் அந்தக் கடை திறந்திருக்க உதவும்.

மழை பொய்த்த ஆண்டில் போக நேர்ந்தால் ஏமாற்றம் வேண்டாம். ஒக்கொட்டியோ என்ற நெடிய முட்செடியின் நுனியில் சிவப்புப் பூக்கள் பெரும்பாலும் தவறாமல் வரும். அவற்றைத் தேடி ஹம்மிங் பறவைகளும் வரும். பருந்துகளும் வரும். பொய் சொல்லும் போட்டிக்கும் கூட்டம் சேரும். விதைகள் மணலுக்குள் காத்திருக்கும். களை பிடுங்குகிறவர்கள் அந்த ஆண்டும் வயலுக்கு வந்திருப்பார்கள்.